பேட்டை முழுக்கவா, அந்த நாலு முக்கிலா?

"ஒரு நகரத்தில் சில பகுதிகளில் மட்டும் அடிதடி, கத்திக்குத்து, வழிப்பறி என்று ஓயாமல் நடக்கிறது. ஏன் அங்கே மட்டும் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? புரிந்துகொண்ட பிறகு அரசு என்ன செய்யலாம்: போலீஸைக் கூட்டுவதா, வேலை கொடுப்பதா, கேமரா வைப்பதா?" இதுதான் கேள்வி. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "பகுதி" என்ற சொல்லையே சந்தேகப்பட வேண்டும். "அந்த ஏரியா மோசம்" என்று ஒருவர் சொல்லும்போது அங்கே குடியிருக்கும் ஆயிரக்கணக்கானவர்களையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார். முகவரி வாரியாக எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு வருடத்தில் போலீஸுக்கு வந்த 3,23,000-க்கும் மேற்பட்ட அழைப்புகளை குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் பிரித்துப் பார்த்து 1989-இல் எழுதினார்கள். நகரத்தின் மொத்த முகவரிகளில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும், அங்கிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. பிறகு டேவிட் வைஸ்பர்ட் குழு சியாட்டில் நகரத்தை 1989 முதல் 2002 வரை, 14 ஆண்டுகள், தெருத் துண்டு தெருத் துண்டாகப் பார்த்தது. ஒரு முக்குக்கும் அடுத்த முக்குக்கும் இடையில் உள்ளதை ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டார்கள். வருடத்துக்கு வருடம் கிட்டத்தட்ட 5 சதவீதத் துண்டுகளில்தான் பாதிக் குற்றம். அதிலும் ஒரு சிறு பங்குத் துண்டுகள் 14 வருடமும் பட்டியலின் உச்சியை விட்டு இறங்கவே இல்லை. கெட்ட பெயர் எடுத்த பேட்டைக்குள்ளேயே பெரும்பாலான தெருக்களில் வருடம் முழுக்க ஒன்றும் நடப்பதில்லை. நல்ல பேட்டை என்று வாடகை ஏற்றிக் கேட்கும் இடத்திலும் ஒரு முக்கு நாறிக்கொண்டிருக்கும்.

அதனால் நகர நிர்வாகம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்த வார்டு" என்பதல்ல. எந்த முக்கு, எத்தனை மணிக்கு, யாருக்கும் யாருக்கும் இடையில்? வரைபடத்தில் ஒரு வார்டு முழுக்கச் சிவப்பு அடித்துக் கூட்டத்தில் காட்டுவது சுலபம். அதைப் பார்த்து எடுக்கிற முடிவும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

அப்படியானால் பேட்டைக்கே அர்த்தமில்லையா? இருக்கிறது, ஆனால் வேறு விதத்தில். சிகாகோவில் கிளிஃபோர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் பல பத்தாண்டு நீதிமன்றப் பதிவுகளை வைத்துச் சிறார் குற்றத்தை வரைபடத்தில் குறித்து 1942-இல் வெளியிட்டார்கள். தொழிற்சாலைகளை ஒட்டிய பழைய பகுதிகளில் விகிதம் எப்போதும் அதிகம். அந்த வீடுகளில் முதலில் ஜெர்மானியர்களும் ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் காசு சேர்த்து வெளியே போனதும் போலந்துக்காரர்களும் இத்தாலியர்களும் வந்தார்கள். அவர்களும் போனார்கள். குடியிருப்பவர்கள் தலைகீழாக மாறியும் பகுதியின் விகிதம் அதே உயரத்தில் நின்றது. வெளியே போனவர்களின் பிள்ளைகளிடையே குற்றம் குறைந்தது. "அந்த ஜனங்களே அப்படித்தான்" என்று இன்றைக்கும் உலகமெங்கும் கேட்கிற பேச்சு அன்றே அடிபட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

இடத்தில் அப்படி என்ன இருக்கிறது? வறுமை என்பது பாதிப் பதில். ஏனென்றால் ஒரே அளவு ஏழ்மையான இரண்டு பேட்டைகளில் ஒன்றில் மட்டும் ரத்தம் சிந்துவது உண்டு. ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீஃபன் ராடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் மூவரும் சிகாகோவின் 343 பேட்டைகளில் 8,782 பேரிடம் பேசி 1997-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் தொடுகிறது. அவர்கள் கேட்டவை சாதாரணக் கேள்விகள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் சுற்றினால் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? உங்கள் வீட்டெதிரே சண்டை நடந்தால் யாராவது தலையிடுவார்களா? இங்கே இருப்பவர்களை நம்பலாமா? "ஆமாம்" அதிகம் கிடைத்த பேட்டைகளில், வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், வன்முறை குறைவு. கவனியுங்கள், அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் உயிர்த் தோழர்களாக இருக்க வேண்டியதில்லை. தட்டிக்கேட்டால் நாம் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் போதும். வறுமையும் அடிக்கடி வீடு மாறிப் போகிற நிலையும் பெரிய அளவில் இந்த எதிர்பார்ப்பை உடைத்துத்தான் வன்முறைக்கு வழி விடுகின்றன.

இடத்தைப் போலவே ஆட்களிலும் குவிதல் உண்டு. சிகாகோவில் துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டுப் பிழைத்தவர்களை 2006 முதல் 2012 வரை எடுத்துக்கொண்டு ஆண்ட்ரூ பாப்பாகிரிஸ்டோஸும் சக ஆய்வாளர்களும் பார்த்தார்கள். ஒரே வழக்கில் சேர்ந்து கைதானவர்களை ஒருவரோடொருவர் கோடு போட்டு இணைத்தபோது விரிந்த வலையில் நகர மக்கள்தொகையில் 6 சதவீதத்துக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். காயம்பட்டவர்களில் 70 சதவீதம் பேர் அந்த வலைக்குள். சுட்டவனும் சுடப்பட்டவனும் இரண்டு வேறு உலகம் என்பது நம் கற்பனை. பெரும்பாலும் ஒரே கூட்டத்து ஆட்கள், ஒரே முன்விரோதம். இன்றைக்குக் கட்டிலில் கட்டுப் போட்டுக் கிடப்பவன் அடுத்த மாதம் குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம், அல்லது பிணவறையில் இருக்கலாம். நெருங்கிய ஆளுக்கு அடி விழுந்த செய்தி வந்த நாட்களில் பதிலடி ஆபத்து உண்டு. அந்த நாட்களில் மருத்துவமனைக் கட்டிலருகே, அந்தத் தெருவில் மதிப்புள்ள ஒருவர் போய் உட்கார்ந்து "பதிலுக்குப் போகாதே" என்று பேசுவதைத் தனித் திட்டமாகவே சில நகரங்கள் நடத்துகின்றன. ஊருக்கு ஊர் அதன் பலன் ஏறி இறங்கித்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, இதையெல்லாம் எந்தக் கணக்கை வைத்துச் சொல்வது? எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, பெரும்பாலானோர் தாண்டிப் போகிற பகுதியும் இதுதான்.

போலீஸ் பதிவேடு என்பது நடந்ததின் பதிவு அல்ல. யாரோ சொன்னதும், யாரோ எழுதிக்கொண்டதும் மட்டும்தான் அதில் இருக்கும். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர் உடைந்த தாடைகளைத் தைத்துக்கொண்டிருந்தவர். தன்னிடம் வருகிறவர்களில் பெரும் பகுதியினர் போலீஸ் கணக்கில் இல்லவே இல்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. பிறகு ஓர் எளிய ஏற்பாடு வந்தது. அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில் மூன்று கேள்விகள்: எங்கே, எப்போது, எதைக் கொண்டு அடித்தார்கள். பெயரை நீக்கிவிட்டு அந்தத் தகவல் நகராட்சிக்கும் போலீஸுக்கும் போகும். எந்த மதுக்கூடத்தில், எந்த வீதியில், எந்த இரவுகளில் என்று தெரிந்ததும் ரோந்து நேரம் மாறியது, உரிமம் கொடுக்கிற விதம் மாறியது. 2011-இல் வெளியான மதிப்பீட்டில், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற நகரங்களைவிட கார்டிஃபில் வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்வது 42 சதவீதம் குறைந்திருந்தது. மூன்று கேள்விக்கு என்ன செலவு ஆகிவிடும்?

இந்தப் போலீஸ் பதிவேட்டை அப்படியே கணினிக்குள் போட்டு "அடுத்த குற்றம் எங்கே நடக்கும்" என்று கேட்டால் என்ன ஆகும்? கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் இருவரும் 2016-இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்துப் போதைப்பொருள் பதிவுகளை வைத்துச் செய்து பார்த்தார்கள். போதைப் பழக்கம் நகரெங்கும் பரவலாக இருப்பதாகச் சர்வே மதிப்பீடு சொன்னது. கணினியோ ஏற்கெனவே போலீஸ் அதிகம் போன கறுப்பின, ஏழைப் பகுதிகளுக்கே திரும்பத் திரும்ப அனுப்பச் சொன்னது. அங்கே போனால் அங்கே கைது. அங்கே கைதானால் மறுபடி அங்கேயே போ. தன் வாலைத் தானே துரத்தும் நாய் மாதிரி. கொலை, மருத்துவமனைக்குப் போகும் அளவு காயம் போன்றவற்றில் இந்தக் கோளாறு குறைவு, ஏனென்றால் அவற்றை மறைப்பது கடினம். சில்லறைக் குற்றங்களில்தான் பதிவேடு மிக அதிகமாக ஏமாற்றும்.

இன்னும் இரண்டு பொறி. ஒன்று, குற்ற எண்ணிக்கையை எதால் வகுத்து விகிதம் போடுவது. கடைத்தெருவில் குடியிருப்பவர் சிலர், பகலில் வந்து போகிறவர் பல்லாயிரம். குடியிருப்பவர் எண்ணிக்கையால் வகுத்தால் கடைத்தெரு நகரத்திலேயே பயங்கரமான இடமாகிவிடும். இரண்டு, சிறிய எண்கள் துள்ளும். ஒரு பேட்டையில் வழக்கமாக வருடத்துக்கு 5 கொலை, ஒரு வருடம் 9 என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகை கத்துகிறது, ஒரு திட்டம் அறிவிக்கிறார்கள், அடுத்த வருடம் 5 ஆகிறது. திட்டத்துக்கு மாலை போடுகிறார்கள். ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் அது 5-ஐ ஒட்டித் திரும்ப வந்திருக்கலாம். உச்சத்தில் இருக்கும்போதுதான் திட்டம் அறிவிப்பார்கள் என்பதால் பொது மேடைகளில் சொல்லப்படும் வெற்றிக் கதைகளில் பலவற்றுக்குள் இந்த ஏமாற்று இருக்கிறது.

இப்போது மருந்துக்கு வருவோம். போலீஸைக் கூட்டலாமா? கூட்டலாம், அந்த நாலு முக்கில். குறிப்பிட்ட இடங்களில் ரோந்தைக் குவித்தால் அங்கே குற்றம் குறைகிறது என்பதற்கு இந்தத் துறையில் இருக்கிற ஆதாரங்களிலேயே வலுவானவை உண்டு. "இங்கே விரட்டினால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான்" என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. ஜெர்சி சிட்டியில் இதைச் சோதிக்கவே ஓர் ஆய்வு நடந்தது. பக்கத்துத் தெருக்களிலும் குற்றம் குறையத்தான் செய்தது. முக்குக்கென்று ஒரு வசதி இருக்கிறது, வாடிக்கை இருக்கிறது, அதைப் பெயர்த்துக்கொண்டு போவது சுலபமில்லை. ஆனால் கொலம்பியாவின் போகோட்டாவில் 1,919 தெருத் துண்டுகளை வைத்துச் செய்த பெரிய சோதனையில் திருட்டு வகைக் குற்றங்கள் பக்கத்துக்கு நகர்ந்ததற்கான அறிகுறி இருந்தது. திருடனுக்குப் பொருள் எங்கே இருந்தாலும் சரிதான். பகைக்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும்.

எத்தனை போலீஸ் என்பதைவிட அவர்கள் அங்கே நின்று என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். நியூயார்க்கில் 2011-ஆம் ஆண்டு மட்டும் 6,85,724 முறை ஆட்களை வழியில் நிறுத்தி விசாரித்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது முறை கைதும் இல்லை, அபராதமும் இல்லை. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். 2013-இல் நீதிமன்றம் அதை நடத்திய விதம் அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. சில வருடங்களில் நிறுத்தல்கள் சில பத்தாயிரமாகச் சரிந்தன. குற்றம் எகிறும் என்று பயமுறுத்தியவர்கள் சொன்னது நடக்கவில்லை. வீணாகப் போன அந்த ஆறு லட்சத்துச் சொச்சம் நிறுத்தல்களுக்கு விலை ஒன்று உண்டு, அது வேறு கணக்கில் விழும். காரணமில்லாமல் சுவரில் கைவைத்து நிற்க வைக்கப்பட்ட பையன், நாளை கண்ணெதிரே கொலை நடந்தாலும் சாட்சி சொல்ல வரமாட்டான். சாட்சி இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. வழக்கு நிற்காத தெருவில் பழியைத் தானே தீர்த்துக்கொள்வது நியாயமாகத் தோன்ற ஆரம்பிக்கும். இப்படி ஒரே பேட்டையில் அளவுக்கு மீறிய போலீஸும், தேவைக்குக் குறைந்த போலீஸும் ஒன்றாக இருக்க முடியும்: நடந்துபோகிறவனை நிறுத்த ஆள் உண்டு, கொலையைத் துப்புத் துலக்க ஆள் இல்லை. எனக்குப் பணம் கொடுத்து ஒரே இடத்தில் செலவிடச் சொன்னால் புலனாய்வில் போடுவேன். தண்டனை எவ்வளவு பெரிது என்பதைவிட, மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம்தான் கையைத் தடுக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆட்களைக் குறிவைக்கும் வழிக்கு 1996-இல் பாஸ்டனில் தொடங்கிய முயற்சியை எல்லோரும் காட்டுவார்கள். இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம், நகரத்து இளைஞர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் அடங்கிய கும்பல்களோடு தொடர்புள்ளது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கும்பல்களை நேரில் கூப்பிட்டு உட்கார வைத்து, "இனி உங்களில் ஒருவன் கொன்றாலும் மொத்தக் கும்பலின் மேலும் சட்டம் பாயும். விட்டு வெளியே வர நினைத்தால் வேலைக்கும் படிப்புக்கும் இதோ ஆள் இருக்கிறார்" என்று சொன்னார்கள். பாதிரியார்களும் தெருவில் இளைஞர்களோடு வேலை பார்ப்பவர்களும் கூடவே நின்றார்கள். இளைஞர் கொலை 63 சதவீதம் குறைந்தது. அதே வருடங்களில் நாடு முழுக்கவே குறைந்துகொண்டிருந்தது, ஆகவே முழுப் பெருமையையும் அதற்கே கொடுக்க முடியாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005-இல் போலீஸே ஒரு வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கி, கத்திக்குத்தை நோய் மாதிரி அணுகியபோது பாஸ்டனிலிருந்து கடன் வாங்கியது உண்டு.

போலீஸ் சீருடையே இல்லாத வழிகளில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். ஃபிலடெல்ஃபியாவில் புதரும் குப்பையும் மண்டிய 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பங்கில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, நாலு மரம் நட்டு, முழங்கால் உயரத்துக்கு மரவேலி போட்டார்கள். இன்னொரு பங்கில் குப்பையை அள்ளி, புதரை வெட்டியதோடு சரி. மிச்சத்தை அப்படியே விட்டார்கள். 2018-இல் வந்த முடிவு: வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பேட்டைகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைவு. புதர் என்பது ஆயுதத்தை ஒளித்துவைக்கிற இடம், ஆள் பார்க்காத இடம். புல் வந்ததும் ஆட்கள் வெளியே உட்கார ஆரம்பிக்கிறார்கள், சாம்ப்சன் சொன்ன அந்த எதிர்பார்ப்புக்கு உட்கார ஓர் இடம் கிடைக்கிறது. நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றுக்கு மட்டும் குலுக்கல் முறையில் பெரிய விளக்குகள் வைத்தபோது இரவில் வெளியிடத்தில் நடக்கும் கடுமையான குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன. இவற்றைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, உடைந்த ஜன்னலைச் சரிசெய்தால் குற்றம் போகும் என்று 1982-இலேயே வில்சனும் கெல்லிங்கும் சொன்னார்களே" என்று சிலர் கிளம்புவார்கள். ஜன்னலைச் சரிசெய்வது ஒன்று, ஜன்னல் பக்கம் நின்றவனைப் பிடித்து உள்ளே போடுவது இன்னொன்று. அந்தக் கருத்தின் பெயரால் பல இடங்களில் நடந்தது இரண்டாவது.

நேரமும் ஒரு கருவிதான். கொலம்பியாவின் காலி (Cali) என்ற நகரத்தில் 1992-இல் மேயரான ரோட்ரிகோ குரேரோ தொற்றுநோயியல் படித்தவர். கொலைகளை வாரக் கிழமை வாரியாக அடுக்கிப் பார்த்தார். போதைக் கடத்தல் கும்பல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எல்லோரும் நம்பிய நகரத்தில், வார இறுதி, சம்பள நாள், குடி, கையில் துப்பாக்கி என்ற சேர்க்கை எழுந்து நின்றது. சம்பளத்தை ஒட்டிய வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடை போட்டார். தடை இருந்த நாட்களில் கொலை விகிதம் 14 சதவீதம் குறைவு.

வேலை கொடுப்பது பற்றி ஒரு சங்கதி. சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிப் பள்ளிகளிலிருந்து 1,634 இளைஞர்களை எடுத்து, குலுக்கலில் சிலருக்கு மட்டும் 8 வாரக் கோடை வேலை கொடுத்தார்கள். அடுத்த 16 மாதங்களில் வேலை கிடைத்தவர்களிடையே வன்முறைக் குற்றக் கைது 43 சதவீதம் குறைவு. அதில் பெரும் பங்கு வேலை முடிந்த பிறகு வந்தது. ஆக, கையைக் கட்டிப்போட்டதால் மட்டும் வந்த பலன் இல்லை. மறுபக்கம், சிறுவர்களைச் சிறைக்குள் கூட்டிப்போய்க் கைதிகளைவிட்டு மிரட்டிக் காட்டினால் திருந்துவார்கள் என்ற திட்டம் பல இடங்களில் நடந்தது. பிரபலமான திட்டம். சோதித்துப் பார்த்தபோது, போய்வந்தவர்கள் போகாதவர்களைவிட அதிகக் குற்றம் செய்தார்கள். நல்லெண்ணத்தால் கெடுதல் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதனால்தான் மேலே குலுக்கல், குலுக்கல் என்று திரும்பத் திரும்ப வந்தது. எப்படியும் எல்லா இடத்துக்கும் ஒரே வருடத்தில் பணம் இருக்காது. எந்த மனைகளுக்கு முதல் வருடம், எதற்கு இரண்டாம் வருடம் என்பதை அரசியல்வாதியின் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுப் போட்டு எடுத்தால், முதலில் கிடைத்ததையும் காத்திருப்பதையும் ஒப்பிட்டு, அதிகச் செலவில்லாமல் பலனைத் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாகக் கேமரா. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பாய்வில் மொத்தக் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைவு, அதில் பெரும் பலன் வாகன நிறுத்துமிடங்களில். வன்முறைக் குற்றத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆத்திரத்தில் கத்தியை எடுப்பவன் மேலே அண்ணாந்து பார்ப்பதில்லை. வண்டி திருட்டுதான் உங்கள் கவலை என்றால் வையுங்கள். கத்திக்குத்துக்கு என்றால் அந்தப் பணத்தில் முதலில் விளக்கைப் போட்டு, புதரை வெட்டி, மருத்துவமனை மேசையில் அந்த மூன்று கேள்வியைக் கேட்க ஒரு ஆளை வைக்கலாம்.